நாகர்கோவிலில் மூன்று நாள்: பகலில் சுற்ற இடம் இருக்கிறது, மாலையில் பார்க்க ஆட்டம் இருக்கிறதா?

பேரூர்வாசி | புதன், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு கோவையிலிருந்து மூன்று நாள் நாகர்கோவில் வருகிறோம். நான், கணவர், பதின்மூன்று வயது மகன், அறுபத்தெட்டு வயது மாமனார். தங்குவது வடசேரிப் பக்கம். மாமனாருக்குச் சுசீந்திரமும் குமரி அம்மனும் போதும். மகனுக்குக் கோயில் என்றால் கால் வலிக்கும், பந்து என்றால் வலிக்காது. பள்ளிக் கால்பந்து அணியில் இடது பக்கத் தடுப்பாளன்.

போன வருடம் மதுரைக்குப் போனோம். மூன்று நாளும் ஏதாவது ஒரு வரிசையில் நின்றோம். இப்போது யோசித்தால் எனக்கு முன்னால் நின்றவரின் கட்டம் போட்ட சட்டைதான் நினைவுக்கு வருகிறது. இந்த முறை அப்படி வேண்டாம். காலையில் ஏறவோ நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ ஓர் இடம், மாலையில் உட்கார்ந்து கைதட்ட ஓர் ஆட்டம். எந்த விளையாட்டானாலும் சரி. உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்.

ரசவடை | புதன், இரவு 9:31

கைதட்டுவதற்கு முன் கை நனைக்க வேண்டும். நாகர்கோவிலில் மாலை நாலு மணிக்கு ரசவடை சாப்பிடாமல் எந்த மைதானத்துக்கும் போகாதீர்கள். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

வடசேரிக்காரன் | புதன், இரவு 10:05

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பெரிய ஆட்டம் எதுவும் இந்த மாவட்டத்தில் இல்லை. அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. காலையில் நடப்பவர்கள் நடப்பார்கள், பிள்ளைகள் பயிற்சி எடுப்பார்கள், அவ்வப்போது பள்ளி, கல்லூரிப் போட்டிகள் நடக்கும். நீங்கள் வரும் நாளில் நடக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

கிரிக்கெட் என்றால் இரண்டு திசை உண்டு. வடக்கே திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் அந்தத் தொடர் வருடத்தின் நடுவில்தான் வரும், தையில் கிடையாது. மேற்கே திருவனந்தபுரம் காரியவட்டம். இங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் போனால் கழக்கூட்டத்தில் இறங்கலாம். 2017 நவம்பரில் அங்கே முதல் சர்வதேச ஆட்டம் நடந்தது. மழை தின்றது போக ஆளுக்கு 8 ஓவர்தான் மிஞ்சியது, இந்தியா 6 ரன்னில் நியூசிலாந்தை வென்றது. 2023 ஜனவரி 15 அன்று இலங்கைக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். கோலி ஆட்டமிழக்காமல் 166. இந்தியா 390 அடிக்க, இலங்கை 73-இல் சுருண்டது. 317 ரன் வித்தியாசம், ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை யாரும் அவ்வளவு ரன்னில் வென்றதில்லை. இரண்டாம் பாதியில் நான் பார்த்தது ஆட்டமே இல்லை, நல்லடக்கம்.

உங்கள் மூன்று நாளில் அங்கே சர்வதேச ஆட்டம் இல்லையென்றால், தும்பா மைதானத்தில் கேரளத்தின் ரஞ்சி ஆட்டம் ஏதாவது இருக்கிறதா என்று அட்டவணையைப் பாருங்கள். கூட்டம் இருக்காது, வீரர்கள் பேசிக்கொள்வது கூடக் காதில் விழும். இது எதுவும் வேண்டாமென்றால் விடுதி அறையில் தொலைக்காட்சி இருக்கிறது.

தூத்தூர்க்கரை | புதன், இரவு 11:20

> டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பெரிய ஆட்டம் எதுவும் இந்த மாவட்டத்தில் இல்லை

அண்ணாச்சி, டிக்கெட் கிழித்தால்தான் ஆட்டம் என்றால் நீங்கள் சொல்வது சரி. வடசேரியில் உட்கார்ந்துகொண்டு மேற்கே பார்த்தால் உங்களுக்குக் காரியவட்டம்தான் தெரிகிறது. நடுவில் நாங்கள் இருக்கிறோம்.

அக்கா, நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று கடலுக்கும் ஏ.வி.எம். கால்வாய்க்கும் நடுவில் ஊர்மேல் ஊராக ஒட்டிக்கொண்டு கிடக்கிறோம். வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்று. அப்படிப்பட்ட நெருக்கடியிலும் பந்துக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருப்போம். சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடல் போகிறவர்கள் கரைக்கு வந்ததும் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளில் ஒன்று பந்தைப் பற்றியது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்திய அணிக்கு ஆடினார், அடுத்த பருவத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியோடு இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பட்டம் வென்றார். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக்குப் போகும் தமிழ்நாட்டு அணியில் எங்கள் கரைப் பையன்கள் இருப்பது செய்தியே அல்ல. இல்லையென்றால்தான் செய்தி.

எப்போது வருவது? கிறிஸ்துமஸுக்கு வந்த ஆண்கள் எல்லோரும் தை பிறந்தவுடனே கடலுக்குத் திரும்பிவிடுவதில்லை. ஏதாவது ஓர் ஊரில் திருவிழாவையொட்டி எழுவர் ஆட்டமோ பதினொருவர் ஆட்டமோ நடக்க வாய்ப்பு உண்டு. தேதியை இணையத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. மார்த்தாண்டம், நித்திரவிளை முச்சந்திகளில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியைப் பாருங்கள், அல்லது தேநீர்க் கடையில் கேளுங்கள். போட்டி இல்லாத நாளிலும் மாலை நாலரைக்கு மேல் மணலில் பந்து உருளும். குழித்துறை ரயில் நிலையத்தில் இறங்கி மார்த்தாண்டம் வந்தால் நித்திரவிளை வழியாகப் பஸ் இருக்கிறது. காரில் நாகர்கோவிலிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வடசேரிக்காரன் | வியாழன், காலை 6:50

தம்பி, பந்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெளியூர்க்காரர்களை அனுப்பும்போது கேலரியைப் பற்றியும் சொல்லிவிடு. சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு ஆட்டத்துக்குப் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம். கமுகு மரத்தை வெட்டிக் கயிற்றில் வரிந்து கட்டிய ஏழு வரிசைப் படி. கோல் விழுந்ததும் எல்லோரும் எழுந்து குதித்தார்கள். எனக்குக் கீழே இருந்த மரம் மட்டும் எழவில்லை. முழங்காலில் பதினொரு தையல். கட்டியவர்கள் யாரும் வந்து என்னவென்று கேட்கவில்லை.

தூத்தூர்க்கரை | வியாழன், காலை 7:15

அது நியாயம் அண்ணாச்சி. தற்காலிகக் கேலரியில் ஏறாதீர்கள் அக்கா, பெரியவரையும் ஏற்றாதீர்கள். தரையில் உட்காருங்கள், அல்லது கடலரிப்புத் தடுப்புக்குப் போட்டிருக்கும் கற்களுக்கு இந்தப் பக்கமாக நாற்காலி போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள்.

பேரூர்வாசி | வியாழன், காலை 8:02

பெண்கள் போய் உட்காரலாமா? கூச்சமாகக் கேட்கிறேன்.

தூத்தூர்க்கரை | வியாழன், காலை 8:10

எங்கள் ஊரில் கோல்கீப்பர் பயப்படுவது எதிரணி முன்வரிசைக்கு அல்ல, வாசற்படியில் உட்கார்ந்து பார்க்கும் கிழவிகளுக்கு. கோல் விட்டவனின் மூன்று தலைமுறையையும் இழுப்பார்கள். தாராளமாக வாருங்கள்.

மலைக்கழுதை | வியாழன், காலை 9:40

காலைக்கு மருந்துவாழ்மலை. பொற்றையடியில் இறங்கி நடக்கலாம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிந்திய துண்டு என்பது ஐதீகம். அது எப்படியோ, விடியும் முன் ஏறத் தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், இறங்கும்போது முழங்கால் பழிவாங்கும். பாதி வழியில் நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை. உள்ளே குனிந்துதான் போக வேண்டும். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தென்னையும் வயலும், வடக்கே முப்பந்தல் வரை காற்றாலைகள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்குகள் அதைத் தங்கள் உரிமையாகக் கருதும். தண்ணீரை முதுகுப் பைக்குள் வையுங்கள்.

குமரி முனையில் சூரியோதயம் பார்க்க ஆயிரம் பேரோடு முட்டிக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல். மலை வேண்டாமென்றால் வட்டக்கோட்டை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் அவருடைய தளபதி டி லனாய் பலப்படுத்திய கோட்டை. மதில்மேல் நடந்துகொண்டே இருபக்கமும் கடல் பார்க்கலாம், மாமனாரும் வரலாம்.

மிதிவண்டி மாணிக்கம் | வியாழன், முற்பகல் 11:26

சைக்கிளுக்கு மேற்குக் கடற்கரைச் சாலையை விட்டால் வேறு இல்லை. முட்டம் கலங்கரை விளக்கத்தில் தொடங்கி சங்குத்துறை, பள்ளம், மணக்குடி, கோவளம் வழியாகக் கன்னியாகுமரி. ஏற்றம் அதிகமில்லை. எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே மிதியுங்கள், காற்று முதுகில் தள்ளும். முட்டத்துக்குச் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது உத்தமம்.

தூத்தூர்க்கரை | வியாழன், முற்பகல் 11:48

மாணிக்கம் அண்ணே, நீங்கள் சொல்வது ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கும்போது. தையில் வாடை. காற்று வடகிழக்கிலிருந்து வரும். நீங்கள் சொன்ன வழியில் அனுப்பினால் அந்தப் பையன் குமரி போய்ச் சேரும்போது சைக்கிள் அவன்மேல் ஏறியிருக்கும். குமரியில் தொடங்கி முட்டத்தில் முடிக்கச் சொல்லுங்கள். முட்டத்தில் அஸ்தமனமும் கிடைக்கும்.

மிதிவண்டி மாணிக்கம் | வியாழன், பகல் 12:03

ஒப்புக்கொள்கிறேன். நான் அந்தச் சாலையில் போனதெல்லாம் ஜூலையில்தான். திசையைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: மணக்குடிப் பாலத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பழையாறு கடலில் கலக்கும் இடம், இரு கரையிலும் அலையாத்திச் செடிகள். 2004 சுனாமி பழைய பாலத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. இந்த மாதங்களில் புத்தளம் உப்பளத்தில் பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம். திரும்பும் வழியில் தேரூர்க் குளம். சுசீந்திரம், தேரூர் ஈரநிலங்கள் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டன. மாமனார் கோயிலில் இருக்கும் நேரத்தில் மகனுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்து அங்கே உட்கார வையுங்கள்.

கணபதிபுரம் வாசி | வியாழன், மாலை 5:30

எல்லோரும் இடம் சொல்கிறீர்கள், கடலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் லெமூர் கடற்கரை படத்தில் அழகாக இருக்கும். 2024 மே 6 அன்று அங்கே கால் நனைக்க இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் திரும்பவில்லை. அன்று புயல் இல்லை, மழை இல்லை, காற்றுகூடப் பெரிதாக இல்லை. அதற்குப் பெயரே கள்ளக்கடல். எங்கோ தெற்கே ஆழ்கடலில் கிளம்பிய அலை நாட்கணக்கில் பயணம் செய்து சொல்லாமல் கொள்ளாமல் கரையில் ஏறும். எச்சரிக்கை விடுத்திருக்கிறார்களா என்று காலையிலேயே செய்தியில் பாருங்கள். விடுத்திருந்தால் அலைவாய்க்கரையிலிருந்து தள்ளி நில்லுங்கள். விடுக்காவிட்டாலும் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். இந்தக் கரையில் தரை படிப்படியாக இறங்காது, ஓரிடத்தில் திடீரென்று இல்லாமல் போகும்.

குளிக்க வேண்டுமென்றால் திற்பரப்பு. கோதையாற்றில் தண்ணீர் அதிகம் திறந்துவிட்டால் அங்கும் தடை போடுவார்கள். போவதற்கு முன் விசாரியுங்கள். அப்படியே மாத்தூர் தொட்டிப் பாலம். 1966-இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண்கள். கால்வாய்த் தண்ணீர் வானத்தில் நடந்துபோவது போல இருக்கும். கைபேசியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆசான் வீட்டுப் பிள்ளை | வியாழன், இரவு 8:44

பந்து, மட்டை என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த மண்ணின் விளையாட்டு அடிமுறை என்கிற தற்காப்புக் கலை. கல்குளம், விளவங்கோடு பக்கம் இன்னும் ஆசான்கள் களரி வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று உடம்பில் 108 வர்மப் புள்ளிகள் சொல்வார்கள். அடிக்கத் தெரிந்தவன் ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் முதல் பாடம். அதனால்தான் களரிக்குப் பக்கத்து அறையில் எண்ணெய்க் குப்பிகள் இருக்கும். சுற்றுலாக் காட்சியாக நடத்துவதைப் பார்த்தால் கையைக் காலை வீசுவதுதான் தெரியும். மாலைப் பயிற்சியைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே ஆசானிடம் கேட்டுக்கொண்டு போங்கள், செருப்பை வெளியே விடுங்கள், நடுவில் படம் எடுக்காதீர்கள். தனிச் செய்தி அனுப்பினால் எங்கள் களரியில் அனுமதி வாங்கித் தருகிறேன்.

பேரூர்வாசி | வெள்ளி, காலை 7:20

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: கண்ணாடிப் பாலம்? மகன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வடசேரிக்காரன் | வெள்ளி, காலை 7:41

விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். 2024 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். பாலம் நன்றாகத்தான் இருக்கிறது. படகு வரிசைதான் அதற்குக் கூலி. பொங்கல் வாரத்தில் போனால் கட்டம் போட்ட சட்டையை மறுபடியும் பார்ப்பீர்கள்.

பேரூர்வாசி | அடுத்த வாரம் செவ்வாய், இரவு 10:30

வந்துவிட்டோம். கடன்பட்டவளாகக் கணக்குச் சொல்கிறேன்.

முதல் நாள் மருந்துவாழ்மலை. மலைக்கழுதை சொன்னபடி இருட்டிலேயே கிளம்பினோம். உச்சியில் மகன் பேசாமல் பத்து நிமிடம் நின்றான். வீட்டில் இது நடக்காது. பிறகு வடசேரிக்காரர் பேச்சைக் கேட்காமல் படகுக்குப் போனேன். இரண்டே முக்கால் மணி நேர வரிசை. கட்டம் போட்ட சட்டை இல்லை, கோடு போட்ட சட்டை. என் முறை வருவதற்குச் சற்று முன் கடல் கொந்தளிப்பு என்று படகை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிப் பாலத்தைக் கரையிலிருந்து பார்த்தோம்.

இரண்டாம் நாள் சைக்கிள், வாடையை முதுகில் வாங்கிக்கொண்டு. வாடகைக்கு எடுத்த சைக்கிளில் என்னுடையதற்குப் பின் பிரேக் இல்லை என்பதைப் பள்ளம் தாண்டிய ஓர் இறக்கத்தில் கண்டுபிடித்தேன். புத்தளத்தில் பூநாரைகள் இருந்தன. எண்ண ஆரம்பித்து நாற்பதோடு விட்டுவிட்டேன்.

அன்று மாலைதான் மேற்குக் கரைக்குப் போனோம். தூத்தூர்க்கரை தம்பி தேநீர்க் கடையில் காத்திருந்தார். சுவரொட்டி ஆட்டம் எதுவும் அன்று இல்லை, மணல் ஆட்டம்தான். எல்லைக்கோடு என்று ஒன்றும் வரையவில்லை. பழைய நீல நைலான் கயிற்றை இழுத்து, நாலு மூலையிலும் முளையடித்திருந்தார்கள். கோல் வலை மீன் வலை, கிழிந்த இடங்களைத் தைத்த விதத்தைப் பார்த்தால் கடலுக்கே திரும்பக் கொண்டுபோகலாம் போலிருந்தது. ஒருமுறை பந்து அலையில் விழுந்தது. ஆட்டம் நிற்கவில்லை, வேறு பந்து வந்தது. ஒரு பையன் மட்டும் சட்டையைக் கழற்றாமல் நீந்திப்போய் முதல் பந்தை எடுத்துவந்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருபது நிமிடத்தில் மகனையும் இறக்கிவிட்டார்கள். வெறுங்காலோடு. முதல் ஐந்து நிமிடத்தில் நாக்கு வெளியே வந்துவிட்டது. புல்லில் ஓடுகிறவனுக்கு மணல் காலைப் பிடித்து இழுக்கிறது. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே, "மணலில் பந்து உருளாது மக்களே, தூக்கிக் கொடு" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பந்து சரியாகப் போனது. மூன்றாவது நேராக எதிரணிக்காரன் காலுக்கு. வாசற்படிப் பாட்டி ஒருவர் என் பக்கம் திரும்பி, "உன் பிள்ளையா? இடது கால் நல்ல கால், வலது கால் கடன் வாங்கியது" என்றார். அவனுடைய பயிற்சியாளர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அதுதான்.

மாமனார் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆட்டம் இருட்டும்வரை போனது, திரும்புவதற்குள் சுசீந்திரத்தில் நடை சாத்திவிட்டார்கள். வடசேரி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடியும் முன் குளித்துவிட்டு அவரே எல்லோரையும் எழுப்பினார். தாணுமாலயனைப் பார்த்துவிட்டு, இசைத்தூண்களையும் பார்த்துவிட்டு வெளியே வந்து மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கினார். அதற்குப் பிறகுதான் என்னிடம் பேசினார்.

களரிக்கு நேரம் இல்லை. ஆசான் வீட்டுப் பிள்ளை மன்னிக்க வேண்டும். ரசவடை சாப்பிட்டோம், மூன்று நாளும்.

ரசவடை | செவ்வாய், இரவு 10:34

மற்றதெல்லாம் உபரி.

வடசேரிக்காரன் | செவ்வாய், இரவு 10:52

பின் பிரேக் இல்லாத சைக்கிளில் முட்டம் வரை போனீர்களா? கமுகு கேலரியே தேவலாம்.

தூத்தூர்க்கரை | செவ்வாய், இரவு 11:17

அக்கா, நீங்கள் கிளம்பிய பிறகு பார்த்தால் கல்மேல் ஒரு ஜோடி பந்துக் காலணி, கறுப்பு, உள்ளே கோவைப் பள்ளி ஒன்றின் பெயர். தம்பியுடையதுதானே? தூதஞ்சலில் அனுப்பட்டுமா?

பேரூர்வாசி | செவ்வாய், இரவு 11:25

அவனுடையதுதான். இங்கே வந்து தேடவே இல்லை. இன்று வெறுங்காலோடு ஆடுகிறேன் என்று பயிற்சியாளரிடம் திட்டு வாங்கினான். அனுப்ப வேண்டாம், அங்கே யாருக்காவது பொருந்துமா பாருங்கள். அளவு ஆறு.

தூத்தூர்க்கரை | புதன், காலை 6:05

பார்த்தாயிற்று. அன்று நீந்திப்போய்ப் பந்து எடுத்தானே, அவனுக்குக் கொஞ்சம் பெரிது. பஞ்சு வைத்துப் போட்டிருக்கிறான். மணலில் போடமாட்டானாம், நித்திரவிளைப் புல் மைதானத்துக்குப் போகும்போது மட்டும்.